இங்கிலீஷில் வீட்டைச் சுற்றிக் காட்டுவேன், அம்மாவின் உடம்பைப் பற்றிச் சொல்ல வராது. நான் இருமொழி தெரிந்தவனா?

முகப்புத்திண்ணை:

எல்லோருக்கும் வணக்கம். செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் விடுதியாக மாற்றிய ஒரு பழைய நகரத்தார் வீட்டில் 4 வருடமாக வேலை பார்க்கிறேன். வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுவது, ஆத்தங்குடிக்குக் கூட்டிப் போய் டைல்ஸ் போடுவதைக் காட்டுவது, இதுதான் என் வேலை. படித்தது முழுக்கத் தமிழ்வழி. இங்கிலீஷ் இந்த 4 வருடத்தில் காதால் கேட்டு, வாயால் பேசிப் பிடித்தது.

இப்போது வேறொரு விடுதியில் ஆள் எடுக்கிறார்கள், சம்பளமும் கூட. விண்ணப்பத்தில் "நீங்கள் இருமொழியாளரா, ஆம் அல்லது இல்லை" என்று ஒரு கட்டம் இருக்கிறது. மற்றதையெல்லாம் பத்து நிமிடத்தில் நிரப்பிவிட்டேன். அந்தக் கட்டத்தில் மூன்று நாளாக நிற்கிறேன்.

ஏன் என்றால், கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் வண்ணச் சிமெண்டை ஊற்றி, மேலே காய்ந்த மணலும் சிமெண்டும் தூவி, கலவை வைத்து அமுக்கி, தண்ணீரில் ஊறப் போட்டு எடுத்தால் கண்ணாடி தானாகக் கழன்று பளபளவென்று டைல்ஸ் வருகிறதே, அதை நான் இங்கிலீஷில் அரைமணி நேரம் தட்டுத்தடுமாறாமல் சொல்வேன். சுவருக்கு முட்டை வெள்ளைக்கரு போட்டுச் சுண்ணாம்பு பூசியது, பர்மாத் தேக்கு வந்த கதை, எல்லாம் வரும். ஆனால் போன மாதம் என் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த நேரம், பிரான்சிலிருந்து வந்திருந்த ஒரு வயதான அம்மா காலையில் காபி குடிக்கும்போது என் முகத்தைப் பார்த்து, என்னப்பா ஒரு மாதிரி இருக்கிறாய் என்று கேட்டார். எனக்கு அம்மா என்பதற்கும் ஆஸ்பத்திரி என்பதற்கும் இங்கிலீஷ் தெரியாமல் இல்லை. ராத்திரியெல்லாம் கண் மூடவில்லை, மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது என்று சொல்ல வேண்டும். ஒன்றும் வரவில்லை. "மதர் நாட் வெல்" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், அவருக்கும் இங்கிலீஷ் சொந்த மொழி இல்லை.

அப்புறம் இன்னொன்று. இந்த வீட்டுக்கு 12 புள்ளி பாத்தியதை. "புள்ளி" என்பதை நான் இவ்வளவு நாளும் ஃபேமிலி என்றே சொல்லி வந்தேன். போன வாரம் ஒருவர், அப்படியானால் 12 குடும்பமும் இங்கே ஒன்றாகக் குடியிருந்தார்களா, ஆளுக்கு ஒரு அறையா என்று கேட்டபோதுதான் நான் தப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

இந்த நிலையில் "ஆம்" என்று எழுதினால் பொய் ஆகுமா? இருமொழி தெரிந்தவன் என்றால் என்னதான் அர்த்தம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

கல்லுக்கட்டி:

ஆம் என்று போடுங்கள் தம்பி, இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. 4 வருடமாக அந்த மொழியில்தான் சம்பாதித்துச் சாப்பிடுகிறீர்கள். அம்மா இப்போது எப்படி இருக்கிறார்கள்?

---

தேவகோட்டைப் பேத்தி:

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் எங்கள் ஐயா ஞாபகம்தான் வந்தது, அம்மாவைப் பெற்ற ஐயா. 14 வயதில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் எடுபிடியாக, பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போனவர், கடல் கடந்து தொழில் பார்க்கப் போவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பியாப்பொன் பக்கம் ஒரு வட்டிக்கடை. போன புதிதில் அவருக்கு பர்மியில் ஒரு சொல் தெரியாது. கடையை நடத்தும் மேலாள், அவருக்கு அடுத்த நிலையில் இருக்கும் அடுத்தாள் எல்லோரும் தமிழ்தான் பேசுவார்கள், பேரேடு, ஐந்தொகை என்று கணக்கெல்லாம் தமிழில்தான், சாமியும் சாப்பாடும் நம் ஊர் மாதிரியேதான். ஆனால் கடன் வாங்க வருகிற விவசாயி பர்மாக்காரர். அவரிடம் தமிழ் செல்லாது. ஆகவே மூன்று வருடக் கணக்கு முடிந்து ஊர் திரும்புவதற்குள் நெல் விலை பேச, நிலத்து எல்லை கேட்க, வட்டி சொல்ல, சண்டை விலக்க எல்லாவற்றுக்கும் பர்மி வந்துவிட்டதாம். எழுதப் படிக்க மட்டும் கடைசிவரை தெரியாது. பர்மியில் ஒரு கடிதம் வந்தால் படித்துச் சொல்ல ஆள் தேட வேண்டும்.

இத்தனை வருடம் கழித்தும் எங்களைச் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு "தமின் சா பீ பீ லா" என்பார். அங்கே ஒருவரை ஒருவர் பார்த்தால் நலமா என்று கேட்பதை விட இதைத்தான் கேட்பார்களாம், நம்மைப் போலவே. வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அத்தனை பேரும் "சா பீ பீ" என்று கத்துவோம். எங்களுக்கு அது பர்மி என்றே அப்போது தெரியாது, ஐயாவின் பேச்சு என்றுதான் நினைத்திருந்தோம். கவுனி அரிசி கூட அங்கிருந்து வந்த பேர்தான், ஒட்டுகிற அரிசிக்கு அவர்கள் சொல்லும் "கௌக் ஞின்" நம் வாயில் கவுனி ஆகிவிட்டது என்று ஐயா சொல்வார்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. 1930க்குப் பிறகு நெல் விலை விழுந்து, கடனை அடைக்க முடியாமல் பர்மா விவசாயிகளின் நிலம் கடன் கொடுத்த நம் நகரத்தார் கைக்கு வந்ததே, கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம் அப்படி வந்தது. ஐயா போனது அதற்குப் பிறகு. 1938-ல் கலவரம் நடந்தபோது தெருவில் அவர்கள் என்ன சொல்லித் திட்டினார்கள், எதற்காக அழுதார்கள் என்பது கடையிலேயே நன்றாகப் புரிந்தது ஐயாவுக்குத்தான். மேலாளுக்குப் பாதிதான் புரிந்ததாம். "எனக்கு அவங்க பேச்சு தெரிஞ்சதாலே அவங்க கோபம் நியாயம்னும் தெரிஞ்சது, அதோடதான் கல்லாவிலே உக்காந்திருந்தேன்" என்று ஒரு நாள் சொன்னார். 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். அப்புறம் போகவில்லை.

மனசுவிட்டு பர்மியில் அழுதிருப்பாரா, தெரியாது. கணக்குப் பார்க்கும்போது தமிழில்தான் எண்ணுவார், முந்திரி, காணி, மாகாணி என்று பழைய பின்னக் கணக்கில். ஆனாலும் ஐயா இருமொழி தெரிந்தவர் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்ப மாட்டேன். புள்ளியைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

---

ஓய்வுபெற்ற வாத்தியார்:

31 வருடம் கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவன், அதற்கு முன் மொழியியல் படித்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருமொழியாளர் என்றால் இரண்டு மொழியையும் தாய்மொழி போலப் பேசுகிறவர் என்று ஒரு பழைய எண்ணம் உண்டு. அந்தத் தராசில் நிறுத்தால் உலகத்தில் மிகச் சிலர்தான் தேறுவார்கள். அதை உடைத்தவர்களில் முக்கியமானவர் பிரான்சுவா குரோஜான், சுவிட்சர்லாந்தில் நியூஷாத்தல் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். அன்றாட வாழ்க்கையில் இரண்டு மொழியைப் புழங்குகிறவர் எவரோ அவரே இருமொழியாளர் என்பது அவர் கணக்கு. தடை தாண்டி ஓடுகிறவரை அவர் எடுத்துக்காட்டுவார். அவர் ஓடவும் செய்கிறார், தாண்டவும் செய்கிறார். வெறும் ஓட்டக்காரரோடு ஓடவிட்டால் தோற்பார், உயரம் தாண்டுகிறவரோடு தாண்டவிட்டாலும் தோற்பார். அதற்காக அவரை அரை ஓட்டக்காரர், அரைத் தாண்டுகாரர் என்று யாரும் சொல்வதில்லை, அது தனி ஆட்டம். அதே போல ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு காரியத்துக்கு, ஒவ்வொரு ஆளோடு வளர்கிறது. வீட்டைக் காட்டும் காரியம் உங்களுக்கு இங்கிலீஷில் வளர்ந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்ற காரியம் உங்கள் வாழ்க்கையில் இங்கிலீஷில் நடந்ததே இல்லை. பிறகு அதற்கான சொல் எங்கிருந்து வரும்?

நீங்கள் சொன்ன அந்தக் காபி நேரத்தைப் பற்றியும் ஆராய்ச்சி இருக்கிறது. ழான் மார்க் டெவேலும் அனெட்டா பாவ்லென்கோவும் 2001 முதல் 2003 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பலமொழிக்காரர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, எந்த மொழியில் கோபப்படுகிறீர்கள், எந்த மொழியில் அன்பு சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள். பெரும்பாலோருக்கு முதல் மொழிச் சொல்லுக்குத்தான் சூடு அதிகம். ஆனால் பிந்திப் படித்த மொழியாக இருந்தாலும் அதில் வாழ்ந்தவர்களுக்கு, நட்பு வைத்தவர்களுக்கு, அந்த மொழியும் சூடாகிறது. வகுப்பறையோடு நின்றவர்களுக்குத்தான் அது ஆறிக் கிடக்கிறது. நீங்கள் வகுப்பறையில் கற்றவர் இல்லை, இது உங்களுக்கு நல்ல செய்தி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாட்ஸ்அப்பில் இரண்டு மொழி தெரிந்தால் மறதி நோயே வராது என்று ஒன்று சுற்றுகிறது. அப்படி இல்லை. ஐதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் மறதி நோய் வந்த 648 பேரை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். ஒரு மொழி மட்டும் தெரிந்தவர்களை விட இருமொழிக்காரர்களுக்கு நோய் சராசரியாக 4.5 வருடம் தள்ளித் தொடங்கியிருந்தது. வந்தது, ஆனால் பிந்தி வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது, அதனால் படிப்புதான் காரணம் என்று தள்ள முடியவில்லை. தேவகோட்டை அம்மாவின் ஐயா பர்மி எழுத்து தெரியாமலே பர்மி பேசினாரே, அப்படிப்பட்டவர்களும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். எல்லா நாட்டு ஆராய்ச்சியிலும் இதே முடிவு வரவில்லை, சச்சரவு நடந்துகொண்டுதான் இருக்கிறது. 1960க்கு முன்னால் இதற்கு நேர் எதிராக, இரண்டு மொழி படித்தால் பிள்ளைக்குப் புத்தி மட்டுப்படும் என்று எழுதினார்கள். அந்தச் சோதனைகள் ஏழைக் குடியேறிகளின் பிள்ளைகளை வசதியான வீட்டுப் பிள்ளைகளோடு வைத்து ஒப்பிட்டவை. பீல், லாம்பெர்ட் என்ற இருவர் 1962-ல் மாண்ட்ரியலில் ஒரே வசதியுள்ள 10 வயதுப் பிள்ளைகளை எடுத்துச் செய்தபோது இருமொழிப் பிள்ளைகள் மேலாகவே செய்தார்கள்.

விண்ணப்பத்துக்கு என் யோசனை: கட்டத்தில் ஆம் என்று போட்டுவிட்டு, கீழே இடம் இருந்தால் மொழித் திறனைப் பிரித்து எழுதுங்கள். ஐரோப்பியக் கவுன்சில் 2001-ல் கொண்டுவந்த அளவுகோல் ஒன்று உண்டு, ஏ1 தொடங்கி சி2 வரை 6 படி. கேட்பது, படிப்பது, பேசுவது, எழுதுவது என்று தனித்தனியாகச் சொல்லலாம். பேச்சில் பி2, எழுத்தில் ஏ2 என்று ஒருவர் எழுதினால் அதில் ஒரு பொய்யும் இல்லை. விடுதிக்காரர்களுக்கு அது புரியும்.

---

வடக்குவளவு:

வாத்தியார் சொன்னதில் எல்லாம் உடன்பாடு, ஆனால் எல்லோரும் இருமொழி என்றதும் இங்கிலீஷுக்கே போகிறோமே, அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நாங்கள் காரைக்குடியில் நான்கு தலைமுறையாக இருக்கிறோம், வீட்டில் தெலுங்கு. தெலுங்கில் ஓர் எழுத்துகூட எங்களுக்குத் தெரியாது. பள்ளிக்கூடம், கடை, கோயில், சிநேகிதம், சண்டை எல்லாம் தமிழ். பாட்டியிடம் மட்டும் தெலுங்கு, அடுப்படியில் தெலுங்கு, சாவு வீட்டில் தெலுங்கு. பள்ளியில் "உனக்கு எத்தனை மொழி தெரியும்" என்று கேட்டால் தமிழும் இங்கிலீஷும் என்றுதான் 12-ம் வகுப்பு வரை சொன்னேன். வீட்டில் பேசுவது ஒரு மொழி என்பதே என் கணக்கில் வரவில்லை, யாரும் அதைக் கேட்டதும் இல்லை.

வேலைக்காக ஐதராபாத் போனேன். அங்கே வாயைத் திறந்ததும் இது என்ன தெலுங்கு என்றார்கள். எங்கள் பேச்சில் பாதி தமிழ்ச் சொல், மீதி அவர்கள் எப்போதோ விட்டுவிட்ட சொல். முதல் ஆறு மாதம் கூச்சத்தில் இங்கிலீஷில் பேசினேன். அப்புறம் வீட்டுச் சொந்தக்கார அம்மா ஒருவர், என் பாட்டி சொல்லும் ஒரு சொல்லை நான் சொன்னதும், எங்கள் அவ்வா இப்படித்தான் சொல்வார் என்று கண் கலங்கிவிட்டார். அன்றிலிருந்து கூச்சம் போயிற்று.

தம்பிக்குச் சொல்கிறேன். உங்கள் விடுதியில் அடுப்படியில் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த பையன்கள் இருப்பார்கள், ஒரு வருடத்தில் தமிழ் பேசிவிடுகிறார்கள், சந்தையில் பேரம் பேசுகிறார்கள். அவர்களிடம் யாரும் இந்தக் கட்டத்தை நீட்டுவதில்லை. அவர்களையும் இருமொழியாளர் என்று எண்ணிப் பார்த்தால் உங்கள் சந்தேகம் கொஞ்சம் குறையும்.

---

பள்ளத்தூர் மருமகள்:

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன், ஊர் பள்ளத்தூர். இங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, பள்ளியில் இங்கிலீஷோடு தாய்மொழியும் படிக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் இருந்தும் நாங்கள் ஒரு தப்பு செய்தோம், அதைச் சொல்லத்தான் வந்தேன்.

மகனுக்கு இரண்டரை வயதில் பேச்சு கொஞ்சம் மெதுவாக இருந்தது. "அப்பச்சி கார் கம்மிங்" என்று இரண்டையும் கலந்துதான் சொல்வான். விளையாட்டுப் பள்ளியில் ஒரு ஆசிரியை, வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள், குழந்தை குழம்புகிறது என்றார். நாங்களும் பயந்து ஒன்றரை வருடம் அப்படியே செய்தோம். பிறகு ஒரு பேச்சுப் பயிற்சி நிபுணரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கலந்து பேசுவது குழப்பம் இல்லை, இரண்டு மொழியிலும் வளர்கிற குழந்தை எல்லாம் அப்படித்தான் பேசும். ஒவ்வொரு மொழியிலும் சொல் குறைவாகத் தெரியலாம், இரண்டையும் கூட்டிப் பார்த்தால் சரியாக இருக்கும். இரண்டு மொழி பேசுவதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. அவனுக்குக் காதில் நீர் கோர்த்திருந்தது, அதுதான் காரணம்.

அதற்குள் ஊருக்குப் போனோம். அப்பத்தா கைநிறையச் சீடை வைத்துக்கொண்டு "ஐயா வாங்க, ஐயா வாங்க" என்று கூப்பிடுகிறார்கள், அவன் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு என்ன சொல்கிறார்கள் என்று இங்கிலீஷில் என்னைக் கேட்கிறான். அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை, சீடையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். இப்போது தினமும் ராத்திரி வீடியோ அழைப்பில் அப்பத்தாவிடம் அன்றைக்கு என்ன சாப்பிட்டான் என்று தமிழில் சொல்ல வேண்டும், அது ஒரு விதியாகவே வைத்திருக்கிறோம். திரும்ப வருகிறது, ஆனால் மெதுவாக வருகிறது. இழந்த ஒன்றரை வருடத்தில் அப்பத்தா 79 ஆகிவிட்டார்கள்.

தம்பி, உங்களுக்கு இங்கிலீஷில் வராதது நாளைக்கு வந்துவிடும். தமிழில் அழ முடிகிறதே, அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

---

முகப்புத்திண்ணை:

எல்லோருக்கும் நன்றி. கல்லுக்கட்டி அண்ணே, அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார்கள், கஞ்சி குடிக்கிறார்கள், நடக்கிறார்கள்.

வாத்தியார் ஐயா சொன்னபடி ஆம் என்று போட்டு, கீழே தமிழ் எழுத, படிக்க, பேச. ஆங்கிலம் பேச்சு பி1, கேட்பது பி2, எழுத்து ஏ2 என்று எழுதி நேற்று அனுப்பிவிட்டேன். பேச்சுக்கு பி2 போடலாம் என்றுதான் முதலில் இருந்தது. அந்த அளவுகோலில் ஒவ்வொரு படிக்கும் என்னென்ன செய்ய முடிய வேண்டும் என்று போட்டிருப்பதை இணையத்தில் படித்துப் பார்த்து ஒரு படி இறக்கிவிட்டேன். பிரெஞ்சில் வணக்கமும் நன்றியும், "படி பார்த்து ஏறுங்கள்" என்பதும் சொல்லத் தெரியும், அதை எழுதவில்லை.

வடக்குவளவு அக்கா சொன்னது மனசில் நிற்கிறது. எங்கள் அடுப்படியில் இருக்கும் பையனிடம் இன்று கேட்டேன், அவனுக்கு ஒடியா, இந்தி, தமிழ், கொஞ்சம் தெலுங்கு என்று நாலு வருகிறது. எனக்கு இரண்டு வருடமாக இது தெரியாது. அந்த பிரான்ஸ் அம்மாவுக்கும் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்குச் சொல்ல முடியாததை முதலில் தமிழில் எழுதினேன், ஒரு பக்கம் வந்தது. இப்போது இங்கிலீஷில் ஆறு வரி ஆகியிருக்கிறது. அகராதியில் பார்த்த சொல்லைப் போடாமல், நான் வாயால் சொல்லக்கூடிய சொல்லாக மட்டும் போடுகிறேன்.

புள்ளிக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை ஆச்சி.

---

தேவகோட்டைப் பேத்தி:

யோசித்தேன் தம்பி. புள்ளியை மொழிபெயர்க்காதீர்கள், புள்ளி என்றே சொல்லுங்கள். நகரக்கோயில், அதாவது நகரத்தார் கோயில், கணக்கில் கல்யாணமான புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் சேர்ந்து ஒரு புள்ளி, மகனுக்குக் கல்யாணம் ஆன அன்று அவன் தனிப் புள்ளி, கோயிலுக்குப் புள்ளி வரி கட்டுவதும் அந்தக் கணக்கில்தான். ஒரே வீட்டில் அப்பச்சி ஒரு புள்ளி, மூன்று மகன்கள் மூன்று புள்ளி, ஆக நாலு. இதை வளவில் நிறுத்தி, சுற்றி இருக்கிற அறைகளைக் காட்டிச் சொல்லுங்கள், மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அவனுக்கு ஓர் அறை, அதற்குத் தனிப் பூட்டு, தனிச் சாவி என்று. அந்தப் பூட்டைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பங்காளி என்று சொல்ல வேண்டி வந்தாலும் கசின் என்று சொல்லிவிடாதீர்கள், அது வேறு.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.